திருப்பிப் பார்க்காத பலகை

ஏரியை ஒட்டிய அந்தத் தெருவில் குழாய் ஒழுகினாலும் கதவு இழுத்துப் பிடித்தாலும் முதல் போன் க்ளெனிஸ் பர்ட்டெல்லுக்குத்தான் போகும். வோலங்காங்குக்குத் தெற்கே, உருக்காலையின் புகைபோக்கிகள் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது தெரு. க்ளெனிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் காலில் பூட்ஸை மாற்றுவாள், இடுப்பில் கருவிப்பட்டையைக் கட்டுவாள், யார் வீட்டிலாவது ஏணி மேல் நிற்பாள். கூலி வாங்க மாட்டாள். தேநீர் கொடுத்தால் குடிப்பாள், அதையும் ஏணி மேலேயே.

வேலையை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் அவள் கணவன் சமையலறையைப் பாதி இடித்துப் போட்டுவிட்டு, மீதியை இடிக்காமலே, வேறொருத்தியோடு குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். தச்சனைக் கூப்பிடக் கையில் காசில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து படித்தாள். ஒரு அலமாரியை மூன்று முறை கோணலாக மாட்டினாள், நான்காம் முறை நேராக மாட்டினாள். அதன் முன்னால் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்ததாக அவளே எல்லோரிடமும் சொல்வாள். அவனை நினைத்து அழுததெல்லாம் அந்த அலமாரியை நேராக மாட்டும்வரைதான், அதற்கப்புறம் அழவில்லை என்றும் சொல்வாள்.

அன்றிலிருந்து கடையில் வாங்கிய பரிசு என்றால் அவள் உதடு லேசாகக் கோணிக்கொள்ளும். கிறிஸ்துமஸ் வந்தால் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் கையால் செய்த ஏதாவது ஒன்று போகும். ரொட்டி வெட்டும் பலகை, பறவைக்கூடு, முக்காலி. அவள் தேவாலயத்துக்குப் போகிறவளும் அல்ல, கடவுளை நம்புகிறவளும் அல்ல. மனிதனுக்கு மனிதன் செய்துகொடுப்பதைத் தவிர வேறு புனிதம் எதுவும் இல்லை என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினர் என்றாலும் கட்சி பலமாகத்தான் இருந்தது. நகரசபையோடு சண்டை போட்டு முதியோர் இல்லத்தின் முன்னால் நிழற்கூரை போடவைத்தவள் அவள். அநியாயம் ஒன்றைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். அந்தக் கைக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் டிரில்லிங் மெஷினை.

இரண்டு வீடு தள்ளி மராமா வாடகைக்கு இருந்தாள். நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பெண், வயிற்றில் ஏழு மாதம். அவள் துணைவன் ஹேமிக்கு மேற்கே சுரங்கத்தில் வேலை. போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். தங்கள் வழக்கப்படி அவள் க்ளெனிஸை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளை இல்லாத க்ளெனிஸுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மராமாவின் குளியலறைச் சுவரில் பூசணம் பிடித்திருந்தது. தரையிலிருந்து ஏறி ஜன்னலைச் சுற்றிக் கருப்பாகப் படர்ந்திருந்தது. வீட்டு உரிமையாளரை அவள் பார்த்ததே இல்லை, ஏஜென்டுதான் எல்லாம். அவள் படம் எடுத்து மூன்று தடவை எழுதி அனுப்பினாள். கடைசியில் பதில் வந்தது: குளித்த பிறகு ஜன்னலைத் திறந்து வைக்கவும். அந்த ஜன்னலை யாரோ பெயிண்ட் அடித்தே மூடியிருந்தார்கள், கடப்பாரை போட்டாலும் திறக்காது. அந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர் சுவரில் ஓர் ஆணி அடிக்க எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். சுவரை அழுகவிட உரிமையாளர் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பதிலைப் படித்துவிட்டுக் க்ளெனிஸ் சும்மா இருந்திருந்தால்தான் அதிசயம்.

சனிக்கிழமைகளில் இரும்புச் சாமான் கடை வாசலில் ஏதாவது ஒரு சங்கத்தார் சாஸேஜ் சுட்டு விற்பார்கள். தெருவுக்காரர்கள் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம். அன்று ரொட்டிக்குள் வெங்காயத்தை அடைத்துக்கொண்டே க்ளெனிஸ் எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தப் பாத்ரூம் புத்தம் புதுசா இருக்கும். ஏஜென்டு வந்து சுவத்துல பல்லைப் பார்த்துக்கலாம்."

எதிர்வீட்டு டோரீன் சாஸை உறிஞ்சிக்கொண்டு, "மொதல்ல உன் வீட்டுக் கேட்டு பூட்டுதான்னு பாரு. நாலு வருஷமா கயித்துல கட்டி வெச்சிருக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்தாள். ஆனால் சொல்லிவிட்டாள். இனி செய்தாக வேண்டும்.

டோரீனைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. அவள் கணவன் லெஸ்லி கட்டட வேலை பார்த்தவன். ஃபைப்ரோ என்று அந்த ஊர் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ் பலகைகளை வெட்டி வெட்டி வீடு கட்டியவன். வேலை விட்டு வெகுகாலம் கழித்து நெஞ்சைப் பிடித்தது. மூச்சுக்கு மூச்சு எண்ணிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்து செத்தான். ஆண்டவன் சித்தம் என்றார் பாதிரியார். ஆண்டவனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. வெட்டும்போது பறக்கும் பொடி நுரையீரலைத் தின்னும் என்று தெரிந்த பிறகும் பலகையை லாரி லாரியாக விற்றவர்களுக்குச் சம்பந்தம் உண்டு. அவர்களில் யாரும் மூச்சுத் திணறிச் சாகவில்லை. அந்த ஊரில் ஃபைப்ரோ வீட்டில் பிறக்காதவர்கள் குறைவு, ஃபைப்ரோவுக்கு ஒருவரையாவது பறிகொடுக்காத தெருவும் குறைவு. உடையாமல், பெயிண்டோடு, சும்மா நிற்கும்வரை அது வெறும் சுவர்தான். வெட்டினால், துளைத்தால், தேய்த்தால்தான் கொல்லும். இது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

க்ளெனிஸுக்குத் தெரியாதா?

மராமா அந்த வீட்டை எடுத்தபோது விளம்பரத்தில் 'புதுப்பித்த குளியலறை' என்று போட்டிருந்தார்கள். தொட்டியைச் சுற்றிப் புது டைல்ஸ் இருந்தது உண்மைதான். அதனால் சுவரும் புதிய சிமென்ட் பலகையாகத்தான் இருக்கும் என்று க்ளெனிஸ் நினைத்தாள். அதுவரைக்கும் தப்பில்லை. அந்த வாரக் கடைசியில் பூசணத்தைச் சுரண்டிக்கொண்டே கதவுக்குப் பின்னால் போனபோது, தடித்த பெயிண்டுக்குக் கீழே உளி எதிலோ தட்டியது. மெல்லிய மர ரீப்பர். பலகையும் பலகையும் சேரும் இடத்தை மறைக்க மேலிருந்து கீழாக அடித்தது. புதிய பலகைக்கு இப்படிச் செய்ய மாட்டார்கள், இணைப்பில் பட்டி பார்த்து மழுப்பிவிடுவார்கள். ரீப்பர் அடித்திருந்தால் ஃபைப்ரோ.

அவள் உளியோடு கொஞ்ச நேரம் நின்றாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆமென்று வந்தால் உரிமம் உள்ளவர்கள்தான் தொட முடியும், அதற்கு ஏஜென்டிடம் போக வேண்டும். அனுமதியில்லாமல் சுவரில் கை வைத்தது தெரிந்தால் மராமாவை அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் நியாயமான யோசனைகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் கனமானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று சாஸேஜ் கையோடு ஊரறியச் சொல்லியிருந்தாள்.

இது வேறேதாவதாகவும் இருக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ரீப்பரைப் பெயர்த்தாள். பிறகு கருவிப் பெட்டியின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த நல்ல முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மரத்தூளுக்குக்கூட முகமூடி போடாதவள் அவள்.

தேய்க்கும் மெஷினைச் சுவரில் வைத்ததும் வெள்ளைப் பொடி கிளம்பியது. மராமா சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்து வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். உள்ளே வராதே என்று க்ளெனிஸ் கைகாட்டினாள். ஏன் என்று சொல்லவில்லை. காற்றுப்போக்கி விசிறி வைக்கச் சுவரில் ஒரு சதுரம் வெட்டினாள். சாயங்காலம் அவள் களைத்து உட்கார்ந்திருந்தபோது மராமா, "நீங்க இருங்க ஆன்ட்டி" என்று விளக்குமாற்றை எடுத்துக் கூடம்வரைக்கும் பெருக்கினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பெருக்கினாள். க்ளெனிஸ் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

சொன்ன நாளில் குளியலறை பளபளத்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பேக்கரிக்காரன் மனைவி கண் கலங்கினாள். க்ளெனிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பாராட்டை வாங்கிக்கொண்டாள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை அவள் கடைசிவரை வாய் திறந்திருக்க மாட்டாள். ஆனால் எதையும் வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. சுவரில் வெட்டிய சதுரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூலைகளை உப்புத்தாளால் உருட்டினாள். மேலே கயிறு கோக்க இரண்டு துளை போட்டாள். நீல வண்ணம் அடித்து, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரை வெள்ளையில் எழுதினாள்: கஹு. எழுத்தைச் சுற்றி மராமாவுக்குப் பிடித்த பெரணிச் சுருள்கள். அழகான வேலை. மேசையில் முகம் மேலே பார்க்கும்படி வைத்தே முழுவதையும் செய்தாள். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிடாமல் பார்த்துக்கொண்டாள் என்பதே சரி.

பேறுகாலத்துக்கு முன்னால் பெண்கள் கூடிப் பரிசு கொடுக்கும் விருந்து மராமாவின் கூடத்தில் நடந்தது. மராமாவின் அம்மா கடல் கடந்து வந்து எண்ணெயில் பொரித்த ரொட்டி செய்து அடுக்கியிருந்தாள். தேங்காய்த் துருவல் ஒட்டிய லாமிங்டன் கேக் தட்டுத் தட்டாக வந்தது. க்ளெனிஸின் கட்சி பரவியிருந்ததோ என்னவோ, அன்று கடையில் வாங்கிய பரிசு ஒன்றுகூட இல்லை. பின்னிய சட்டைகள், துண்டுத்துணி சேர்த்துத் தைத்த போர்வை, கம்பளி முயல். டோரீன் ஒரு சால்வை பின்னியிருந்தாள். லெஸ்லி போன பிறகு அவள் ஊசியைத் தொட்டது அதுதான் முதல் முறை.

பெயர்ப்பலகை கைக்குக் கை போனது. ஒவ்வொருத்தியும் எழுத்தை விரலால் தடவினாள். மராமா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னாள். பிறகு டோரீனிடம் வந்தது. டோரீன் பின்னல்காரி. எந்தக் கைவேலையானாலும் அவளுக்குப் பின்பக்கம் பார்த்தாக வேண்டும்.

திருப்பினாள். பின்பக்கம் முழுக்கச் சிறுசிறு குழிகள், கோல்ஃப் பந்தின் மேல் இருப்பது போல. பழைய ஃபைப்ரோவின் முதுகு அப்படித்தான் இருக்கும், லெஸ்லியின் மனைவிக்கு அது தெரியும்.

அவள் மடியிலிருந்த காகிதக் கைக்குட்டையை விரித்து, பலகையை மெதுவாக அதன்மேல் வைத்து, நான்கு பக்கமும் மடித்தாள். எழுந்து போய்ச் சமையலறைக் குழாயில் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். அறையில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. க்ளெனிஸுக்கு மட்டும் தண்ணீர் விழும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பின்கட்டில், துணி காயும் கம்பிக்கு அடியில் டோரீன் நின்றிருந்தாள். க்ளெனிஸ் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தப் பலகை எங்கிருந்து வந்துச்சு, க்ளென்?"

"பாத்ரூம் சுவருதான்."

"தேய்ச்சியா?"

க்ளெனிஸ் தலையசைத்தாள்.

"அவ வீட்டுல இருக்கும்போதா?"

க்ளெனிஸ் அதை விட்டுவிட்டு ஏஜென்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பூசணம், ஜன்னல், மூன்று தடவை எழுதியும் வராத ஆள், வாடகைக்காரர்கள் என்றால் மனிதர்களே இல்லை என்று நினைக்கும் கூட்டம். அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல, உண்மையையே ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே காது கூசியது. டோரீன் முடியும்வரை விட்டாள்.

"லெஸ்லிக்கு யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவங்க எல்லாம் வாய மூடிக்கிட்டாங்க. அவங்களை நீ எவ்வளவு திட்டியிருப்ப, என் சமையல்கட்டுல உக்காந்துக்கிட்டு." கம்பியிலிருந்த கவ்வி ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "இன்னைக்கே சொல்லிடு. நான் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்."

க்ளெனிஸ் அங்கேயே நின்றாள். அடுத்த வாரம் சொல்லலாம், முதலில் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம், பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்ற காரணங்களை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பலகைகளை விற்றவர்களும் இதே காரணங்களைத்தான், இதே வரிசையில் சொல்லியிருப்பார்கள். ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், பீதியைக் கிளப்ப வேண்டாம். அவளுக்குத் தன் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்தது.

பெண்கள் கலையும்வரை காத்திருந்தாள். அதுகூடக் கோழைத்தனம்தான். மராமாவும் அவள் அம்மாவும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்தால் சொல்லாமலே இருந்துவிடுவோம் என்று நின்றபடியே சொன்னாள். சுவர் எதனால் ஆனது, பெயர்ப்பலகை எதனால் ஆனது, பொடி எதுவரைக்கும் போயிருக்கும். சொல்லி முடித்ததும் மராமாவின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு மகள் தோளில் கை போட்டாள். மராமா க்ளெனிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பெருக்கினேனே" என்றாள்.

"ஆமா."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"உறுதியா தெரியாது கண்ணு. சந்தேகம்தான்..."

"அப்போ முகமூடி எதுக்குப் போட்டிருந்தீங்க?"

க்ளெனிஸ் வாயைத் திறந்தாள். சொல்வதற்குப் பாதிப் பொய் ஒன்று இன்னும் மிச்சமிருந்தது, பூசணத்துக்காக என்று. அதைச் சொல்லியிருந்தால் மராமா நம்பியும் இருப்பாள்.

"தெரியும்" என்றாள். "ரீப்பரைப் பார்த்தப்பவே தெரியும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் காட்டணும்னு விட்டுட்டேன்."

மராமா கைப்பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிப் பக்கத்து ஊரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போனாள். போகுமுன் வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள். "கதவைப் பூட்டிட்டுப் போங்க, க்ளெனிஸ்." ஆன்ட்டி என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

சோதனை ஆமென்றது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து வீட்டைப் பிளாஸ்டிக்கால் மூடினார்கள். துடைக்க முடிந்ததைத் துடைத்தார்கள். துணியில் பொடி ஏறினால் நம்பிக்கையாகச் சுத்தம் செய்ய முடியாதாம். அந்தக் கூடத்தில் விரிந்து கிடந்த பின்னல் சட்டைகளும், தைத்த போர்வையும், கம்பளி முயலும், டோரீனின் சால்வையும் கனத்த பைகளில் அடைத்து ஒட்டப்பட்டுப் போயின. பின்னியவர்கள் அவரவர் வேலியில் நின்று பார்த்தார்கள். க்ளெனிஸ் நடைபாதையில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நின்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள கால்கள் துடித்தன, அவள் விடவில்லை. யாராவது ஏசினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். பேக்கரிக்காரன் மனைவி வந்து, தேநீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

ஏஜென்டு உடனே விழித்துக்கொண்டார். மூன்று கடிதத்துக்கு அசையாதவர், ஒரே நாளில் நோட்டீஸ் அனுப்பினார். அனுமதியில்லாமல் வேலை செய்தது, வீட்டுக்குச் சேதம், பொறுப்பு வாடகைக்காரரையே சாரும் என்று. வழக்கு வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மன்றத்துக்குப் போனது. க்ளெனிஸ் தானாகவே போய்ச் சாட்சி சொன்னாள். வெட்டியது நான், தேய்த்தது நான், தெரிந்தே செய்தேன், அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்றாள். ஏஜென்டு எழுந்து, வாடகைக்காரர் எங்களிடம் முறையாகக் கேட்டிருக்கலாமே என்றபோது மட்டும் அவளுடைய பழைய குரல் கொஞ்சம் வந்தது.

"கேட்டா. ஜன்னலைத் திறந்து வைன்னு சொன்னீங்க. அது திறக்காத ஜன்னல். நான் செஞ்சது தப்பு, அதை நான் ஒத்துக்கிறேன். உங்க தப்பையும் சேர்த்து நான் சுமக்க முடியாது."

மராமாவின் மேல் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. வீட்டு உரிமையாளர் அன்றும் வரவில்லை. சுத்தம் செய்ததற்கு அவருக்குக் காப்பீடு இருந்தது. அன்று அங்கே இருந்தவர்களில் வெட்கப்பட்டவள் ஒருத்திதான். அவள் வெட்கப்பட வேண்டியவள்தான். ஆனால் அவள் ஒருத்தி மட்டும்தானா என்று கேட்க அந்த மன்றத்தில் இடமில்லை.

வெளியே தாழ்வாரத்தில் மராமா குழந்தையை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. தலை நிறையக் கருமுடி மட்டும் வெளியே தெரிந்தது. க்ளெனிஸ் கிட்டே போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

நோய் வர வாய்ப்பு குறைவு என்றுதான் சொன்னாராம். ஒரே ஒரு நாள் பட்டதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகவே ஆகாது என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. பார்க்கவும் எதுவுமில்லை, மருந்தும் இல்லை. மராமா இதையெல்லாம் வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

"முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியுமாம்" என்றாள். குழந்தையின் தலையைக் கட்டியிருந்த துணியின் ஓரத்தால் மூடினாள். "அப்போ உங்களுக்கு என்ன வயசு இருக்கும், க்ளெனிஸ்?"

க்ளெனிஸ் கணக்குப் போட்டாள். ஏறக்குறைய தொண்ணூறு வந்தது. மராமா பதிலுக்காக நிற்கவில்லை.